மலையில் எடுத்ததை மண்டியில் விற்க: நெல்லைச் சீமையில் சிறு வன மகசூலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மலையிலிருந்து இறங்கும் தேன் கேன் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படுகிறது. நெல்லிவற்றல் மூட்டை மண்டியில் பாதி விலைக்குப் போகிறது. இரண்டையும் எல்லோரும் தலைவிதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் இரண்டையும் தடுக்கலாம். முதலாவது, காகிதம் இல்லாமல் சரக்கை நகர்த்தியதால் வருவது. இரண்டாவது, காயாத சரக்கை அவசரப்பட்டு இறக்கியதால் வருவது. காடேறுவதைப் பெரியவர்கள் பழக்கிவிடுவார்கள். இறங்கிய பின் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் காகிதத்தையும் ஈரப்பதத்தையும் எடையையும் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

1. நீங்கள் எந்த வகை, உங்கள் நிலம் எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

காணிக்காரர், பளியர் போன்ற பட்டியல் பழங்குடியினர் காட்டிலோ காட்டை நம்பியோ 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வாழ்ந்து வந்தால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பழங்குடி அல்லாதவர்கள், அதே தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததைக் காட்டினால் 'இதர பாரம்பரிய வனவாசி' என்று உரிமை கோரலாம்.

இரண்டிலும் சேராத அடிவாரத்து ஊர்க்காரர்கள் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போய் எதையும் எடுக்கக் கூடாது. "எங்க தாத்தா காலத்திலேயே விறகு எடுத்தோம்" என்று வாயால் சொன்னால் வழக்கிலிருந்து தப்ப முடியாது. ஆனால் அவர்களுக்கும் வேலை இருக்கிறது. பட்டா நிலத்து வேம்பு, புங்கம், இலுப்பை உண்டு. ஊராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் ஏலம் விடும் புளிய மரங்கள் உண்டு. பழங்குடிக் குழுக்களிடம் வாங்கிக் காயவைத்துத் தரம் பிரித்து விற்கும் தொழிலும் உண்டு. அவர்கள் 2, 3-ஆம் படிகளை விட்டுவிட்டு 4-க்குப் போகலாம்.

எந்த அலுவலகம் என்பதிலும் குழப்பம் வரும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு கடையம், வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மனுக்கள் தென்காசி மாவட்டத்துக்குப் போக வேண்டும். பாபநாசம், காரையார், சேர்வலாறு, களக்காடு பக்கம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது, உட்கோட்ட அலுவலகம் சேரன்மகாதேவி. பழைய நினைவில் மனுவை வேறு மாவட்டத்தில் கொடுத்தால் அது திரும்பி வருவதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

2. சமூக உரிமைப் பத்திரம் வாங்குங்கள்

வன உரிமைச் சட்டத்தின் 3(1)(சி) பிரிவு, காலங்காலமாகச் சேகரித்து வந்த சிறு வன மகசூலின் மேல் உடைமை உரிமை தருகிறது. எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். தேன், மெழுகு, மூங்கில், பிரம்பு, மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் இதில் வரும். மரம் வராது. விலங்குகளின் எந்தப் பாகமும் வராது. புலிகள் காப்பகத்துக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லும். 'காப்பகத்தில் இது கிடையாது' என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

வீட்டுமனைக்கும் சாகுபடி நிலத்துக்கும் தனிநபர் மனு படிவம் ஏ. சேகரிப்பு உரிமைக்குப் படிவம் பி, இதன் பேரில் கிடைப்பதுதான் சமூக உரிமைப் பத்திரம். காட்டுப் பரப்பைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி. பலர் படிவம் ஏ-வை மட்டும் கொடுத்துவிட்டு, பட்டா வந்ததும் சேகரிப்பு உரிமையும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வந்திருக்காது. படிவம் பி-யைத் தனியாகக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் கட்டணம் இல்லை.

வரிசை இதுதான். முதலில் குடியிருப்பு அளவில் கிராம சபை கூடி வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். தலைவர், செயலாளர் பெயரை உட்கோட்டக் குழுவுக்கு (கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தலைமை வகிப்பது) எழுதித் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். அடுத்து மனுக்களுக்கான அழைப்பு, அதற்கு மூன்று மாதம். பிறகு களச் சரிபார்ப்பு, மறுபடி கிராம சபைத் தீர்மானம், உட்கோட்டக் குழு, பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. கிராம சபை முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவுக்கும், அந்தக் குழுவின் முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கும் மனுப் போடலாம். முழுவதும் முடிய ஓராண்டுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

மனுக்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது கூட்ட எண்ணிக்கை. கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உரிமை மனுமீது தீர்மானம் போடும் நாளில் மனுதாரர்களிலும் பாதிப்பேரோ அவர்களின் பிரதிநிதிகளோ இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. ஆண்கள் எல்லோரும் தேனுக்கு மலையேறிய வாரத்தில் கூட்டம் போட்டால் தீர்மானம் செல்லாமல் போகும். பெரிய ஊராட்சியின் பொதுக் கிராம சபையில் சேர்த்துப் போட்டாலும் காணிக்குடி ஆட்கள் எண்ணிக்கையில் கரைந்துவிடுவார்கள். குடியிருப்புக்கெனத் தனிச் சபை கூட்ட விதிகளில் இடமிருக்கிறது, அதையே கேளுங்கள்.

இரண்டாவது சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, வனத்துறையின் பழைய பதிவுகள், இடுகாடு, சாமி இருக்கும் இடம், பழைய கட்டுமானம் எதுவும் செல்லும். மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கினால் அதுவும் சான்றுதான். எந்த ஓடையில் எந்த மாதம் என்ன எடுப்போம், அந்தப் பாறைக்கு என்ன பெயர் என்று பெரியவர்கள் சொல்வதை ஊர்ப்பெயர்களோடு வரிவரியாக எழுதுங்கள். 'காலங்காலமாக எடுத்து வருகிறோம்' என்ற ஒற்றை வரிக்கு மதிப்பு இல்லை.

மூன்றாவது களச் சரிபார்ப்பு. வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் வந்து, பதவி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டு, 'எங்கள் ஆள் இல்லாதபோது பார்த்தார்கள்' என்று வனத்துறை பின்னர் ஆட்சேபித்தால், மனு மறு சரிபார்ப்புக்குத் திரும்பும். இரண்டாம் முறையும் வரவில்லையென்றால் கிராம சபையின் முடிவே இறுதி. இந்த விதி உங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் அறிவிப்பு அனுப்பியதற்கான ஒப்புகை கையில் இருக்க வேண்டும். அதனால் நேரில் சொல்வதோடு நிற்காமல் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள்.

பழங்குடிச் சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் அதையும் இப்போதே தொடங்குங்கள். பட்டியல் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். பின்னால் குழுக் கடன், மானியம் எதைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

3. சரக்கை நகர்த்தும் சீட்டு

உரிமைப் பத்திரம் கையில் இருந்தாலும், மூட்டையோடு போகிறவர் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சிறு வன மகசூலுக்கான போக்குவரத்துச் சீட்டைக் கிராம சபை அமைத்த குழுவோ, சபை அதிகாரம் கொடுத்த ஒருவரோ தரலாம். அதற்குக் கட்டணமோ அரசுப் பங்கோ கிடையாது.

சீட்டுப் புத்தகத்தை இரட்டைப் பிரதியாக, வரிசை எண்ணோடு அச்சடித்துக்கொள்ளுங்கள். தேதி, எடுத்தவர் பெயர், பொருள், எடை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை நாள் செல்லும், சீட்டுக் கொடுத்தவர் கையெழுத்து. இவ்வளவும் போதும். முதல் சீட்டு எழுதுவதற்கு முன்பே புத்தகத்தின் மாதிரி, கையெழுத்திடுபவர் பெயர், தீர்மான நகல் மூன்றையும் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சாவடியில் நிற்பவருக்கு உங்கள் சீட்டைப் பார்த்த பழக்கம் இருக்காது. சரக அலுவலரின் ஒப்புகை நகல் கூடவே இருந்தால் வாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும், தேன் அந்த வெயிலில் வேகும்.

எடையைச் சரியாக எழுதுங்கள். சீட்டில் 20 கிலோ, மூட்டையில் 28 கிலோ என்றால் மொத்தச் சரக்கின் மேலும் சந்தேகம் விழும். தேனில் இது அடிக்கடி நடக்கிறது. 20 லிட்டர் கேனை '20 கிலோ' என்று எழுதிவிடுகிறார்கள், உண்மையில் அது 28 கிலோ. பிளாஸ்டிக் பைகளைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். சாக்கு, கூடை, கெட்டியான கேன் மட்டும் கொண்டுபோங்கள்.

4. எப்போது எதை எடுப்பது, எதைத் தொடவே கூடாது

புளி மாசி முதல் சித்திரை வரை. நெல்லி கார்த்திகை முதல் மாசி வரை. கடுக்காய், சீயக்காய் தை முதல் பங்குனி வரை. தேன் சித்திரை, வைகாசியில். தென்மேற்குப் பருவம் ஆனியில் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில். ஐப்பசி, கார்த்திகையில் மலையோடைகள் எப்போது பெருகும் என்று சொல்ல முடியாது. காரையார் அணைக்கு அக்கரையில் இருக்கும் இஞ்சிக்குழி போன்ற இடங்களிலிருந்து அந்த மாதங்களில் சரக்கு இறக்கித் தருவதாக எந்த வியாபாரிக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேர் கேட்டு வரும் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். காயும் தேனும் அடுத்த ஆண்டும் வரும். வேரைப் பிடுங்கினால் அந்தச் செடி அதோடு முடிந்தது. காட்டில் எடுத்த சர்ப்பகந்தி, மரமஞ்சள் இரண்டுக்கும் ஏற்றுமதித் தடை உண்டு, அதைக் கேட்பவர் உங்களிடம் எதையும் எழுத்தில் தரமாட்டார். சந்தனம் சிறு வன மகசூல் இல்லை. உடும்பு எண்ணெய், முள்ளம்பன்றி முள் போன்றவற்றைத் தேன் கடையில் ஓரமாக வைத்தாலும் வனவிலங்குச் சட்ட வழக்குத்தான். ஒருவர் வைத்தால் குழுவின் பத்திரத்துக்கே ஆபத்து வரும்.

5. தேன்

அதிகப் பணம் தருவதும் அதிகமாகக் கெட்டுப்போவதும் தேன்தான். மலைத்தேன் எனப்படும் பெருந்தேனீயின் தேன் அளவில் கூடுதல். பொந்துத்தேன் குறைவு. கொசுத்தேன் மிகக் குறைவு, விலை மிக அதிகம். மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். கலந்த தேனுக்கு மலைத்தேன் விலைதான் கிடைக்கும்.

கலைக்கும்போது தேன் இருக்கும் மேல்பகுதியை மட்டும் வெட்டி, புழு இருக்கும் பகுதியைக் கிளையிலேயே விடுங்கள். ஈக்கள் அதே இடத்தில் மறுபடி கட்டும், அதே பருவத்தில் இன்னொரு தடவை எடுக்க வாய்ப்புண்டு. முழு அடையையும் அறுத்தால் அந்தக் கூடு போய்விடும். புழுவும் மகரந்தமும் சேர்ந்து பிழிந்த தேன் ஒரு மாதத்தில் புளிக்கவும் செய்யும். அடையின் கண்ணறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாத அறையில் இருப்பது இன்னும் தேனாகவில்லை, அதில் தண்ணீர் அதிகம். புகைக்குப் பச்சை இலை கட்டிய பந்தம் போதும், ஈயை எரிக்க வேண்டியதில்லை. கோடையில் உதிரும் பொறியில்தான் காட்டுத்தீ பிடிக்கிறது. அடியில் ஒருவர் தண்ணீரோடு நிற்க வேண்டும், இறங்கிய பின் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அடையைக் கையால் பிழியாதீர்கள். துண்டாக நறுக்கி, நைலான் வலையில் இட்டு, தானாக வடிய விடுங்கள். ஒரு இரவு ஆகும். வடிந்ததை உணவுத்தர பிளாஸ்டிக் வாளியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ பிடியுங்கள். அலுமினியமும் துத்தநாகம் பூசிய தகரமும் கூடாது, தேனின் புளிப்பு அவற்றை அரிக்கும். பெயின்ட் வந்த வாளி எவ்வளவு கழுவினாலும் கூடாது. இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் மெழுகுத் தூளும் நுரையும் மேலே வரும், அதை வழித்துவிட்டுக் கேனில் ஊற்றி இறுக்கி மூடுங்கள். திறந்து வைத்த தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைநாளில் வடிகட்டவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். தேன் வடிந்த அடையை வெந்நீரில் உருக்கி ஆறவிட்டால் மெழுகு மேலே உறையும். அதையும் தனியாக விற்கலாம், தூக்கிப் போடாதீர்கள்.

இனி ஈரப்பதம். உணவுப் பாதுகாப்புத் தரத்தின்படி தேனில் தண்ணீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் மலைத்தேன் பெரும்பாலும் அதற்கு மேல்தான் வரும், 25 சதவீதத்தையும் தொடும். அப்படிப்பட்ட தேனைப் பாட்டிலில் அடைத்தால் நொதித்து, வாயு ஏறி, மூடி தெறிக்கும். வாங்கியவர் சர்க்கரைப் பாகு என்று நினைப்பார். தேன் உண்மையானதுதான், தண்ணீர்தான் அதிகம் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர் அளக்கும் கைக்கருவி, ரிஃப்ராக்டோமீட்டர், சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும். சேகரிப்பாளர் குழுவுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும், முதல் செலவே இதுவாக இருக்கட்டும். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரியும். கருவி வரும்வரை எடையை நம்பலாம். 20 சதவீத ஈரப்பதத்தில் ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ இருக்கும், அதற்குக் குறைந்தால் தண்ணீர் கூடுதல்.

ஈரம் கூடிய தேனைச் சூடாக்கும்போது நேரடி அடுப்பு கூடாது. பெரிய பாத்திரத் தண்ணீருக்குள் தேன் பாத்திரத்தை வைத்து, தேனின் சூடு 45 டிகிரிக்குள் இருக்கும்படி, அகலமான வாய் திறந்து, வெயில் நாளில், கிளறிக்கொண்டே வையுங்கள். கொதிக்க விட்டால் நிறம் கருக்கும், ஆய்வகத்தில் சூடேறிய அடையாளம் தெரிந்து தேன் தள்ளுபடியாகும். 24 சதவீதத்துக்கு மேல் இருக்கும் தேனை இப்படிச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து. அதை உடனடிப் பயன்பாட்டுக்கு உள்ளூரில் சொல்லியே விற்றுவிடுவது நல்லது.

6. காயும் நெற்றும்: காயவைப்பதில்தான் விலை

நெல்லியை முழுதாகக் காயவைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்தால் சுளைகள் பிரியும், கொட்டையை நீக்கிச் சுளையை மட்டும் பாயில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். 10 கிலோ காட்டு நெல்லிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வற்றல் கிடைக்கும். அதற்கு மேல் கிடைத்தால் மகிழாதீர்கள், காயவில்லை என்று பொருள். சுளையை ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் இரண்டு நாள்.

கடுக்காயை மரத்தை உலுக்கிப் பிஞ்சாகக் கொட்டாமல், பழுத்து விழுந்ததைப் பொறுக்குங்கள். நிழலில் மூன்று நான்கு வாரம். தண்ணீரில் போட்டால் அமிழ வேண்டும், மிதப்பது சொத்தை. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பது மருந்து செய்பவருக்கான பேச்சு. மண்டி முழுக்காயாகவே வாங்கும், கொட்டையை நீங்கள் நீக்க வேண்டாம். சீயக்காய் நெற்று ஒருமுறை மழையில் நனைந்தாலும் கறுத்துவிடும். கறுத்ததைக் கலக்காமல் தனியாக விற்றால் மீதிச் சரக்கின் விலை தப்பும்.

புளியில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழத்தில் சதை 55 சதவீதம், கொட்டை 34, மீதி ஓடும் நாரும். ஓடு நீக்கிக் கொட்டையோடு விற்றால் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 89 கிலோ, கொட்டையும் நீக்கினால் 55 கிலோ. கொட்டையோடு 36 ரூபாய்க்குப் போகும் புளியை, கொட்டை நீக்கி 58 ரூபாய்க்குக் கீழே கொடுத்தால் கூலி கையைவிட்டுப் போகிறது. கொட்டையைத் தனியாக வாங்க ஆள் இருந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும், கஞ்சிமாவு ஆலைகளுக்கு அது தேவை.

வேப்பங்கொட்டையின் சதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, சணல் சாக்கில் கட்டுங்கள். உரச் சாக்கில் கட்டினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பட்ட கொட்டையை எண்ணெய் ஆலை திருப்பி அனுப்பும். எந்தச் சரக்கானாலும் சிமென்ட் தரையில் நேரே அடுக்காமல் பலகை மேல் வையுங்கள்.

7. விற்பனைக்கு வேண்டிய பதிவுகள்

சாக்கில் கட்டி மண்டிக்குக் கொடுப்பவர் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். பாட்டிலில் அடைத்து விற்பவருக்கு இவை முன்னால் வேண்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு: ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு போதும், உரிமம் வேண்டாம். 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்துப் பதியலாம், ஆண்டுக்கு 100 ரூபாய். வெளியில் இதையே ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். பட்டா இல்லாத வீட்டுக்காரர் ரேஷன் அட்டையோடு ஊராட்சிச் சான்றை வைத்துக்கொள்ளலாம். 14 இலக்க எண் வந்த பிறகு மட்டும் லேபிள் அச்சடியுங்கள். முன்பே அச்சடித்து, எண்ணை ஒட்டி ஒட்டிச் சலித்தவர்கள் உண்டு.

உத்யம் பதிவு (சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு): கட்டணமே இல்லை. கட்டணம் கேட்கும் தளம் போலி.

தராசு: மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வாங்க வேண்டும்.

லேபிள்: பொருளின் பெயர், நிகர எடை, அடைத்த மாதம் ஆண்டு, தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை, முகவரி, புகார் எண், பச்சைப் புள்ளி. 'சர்க்கரை நோய் தீரும்', 'மூட்டுவலி போகும்' என்று அச்சடிக்காதீர்கள். மருந்து, மாய நிவாரண விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், நல்ல தேனை விற்றவரும் இதில் மாட்டுவார்.

ஜி.எஸ்.டி.: தமிழ்நாட்டில் பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும்வரை மாநிலத்துக்குள் விற்பவருக்குப் பொதுவாகப் பதிவு வேண்டாம். இணையச் சந்தைகளில் விற்க நினைத்தால் அங்கே விதி வேறு, ஒரு கணக்கரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

8. யாருக்கு, என்ன விலைக்கு

சிறு வன மகசூலுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலை அறிவிக்கிறது. 2020 மே மாதத் திருத்தத்தில் காட்டுத் தேன் கிலோவுக்கு 225 ரூபாய், கொட்டையுடன் புளி 36 ரூபாய். நீங்கள் விற்கும் நாளில் நடப்பில் உள்ள பட்டியலை ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது அடிவிலை, அதற்குக் கீழே போக வேண்டாம் என்ற கோடு மட்டும்தான். நேரடி விற்பனையில் தேனுக்கு அதைவிட வெகுவாகக் கூடுதல் கிடைக்கும்.

எடையில்தான் பெரிய இழப்பு. கிலோ விலை பேசிவிட்டு லிட்டரில் அளந்து வாங்கும் வழக்கம் உண்டு. ஒரு லிட்டருக்கு 400 கிராம் போகிறது. 225 ரூபாய்க் கணக்கில் லிட்டருக்கு 90 ரூபாய், 20 லிட்டர்க் கேனுக்கு 1,800 ரூபாய். முக்கால் லிட்டர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, எப்போதும் கிலோவில் பேசி, கிலோவில் நிறுத்துக் கொடுங்கள். மண்டியில் சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, தரகு என்று மூன்று கழிவு வரும். மூட்டையை இறக்குவதற்கு முன்பே ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேட்டுச் சிட்டையில் எழுதச் சொல்லுங்கள். இறக்கிய பிறகு கேட்டால் உங்களுக்குப் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது, மூட்டையைத் திருப்பித் தூக்கிப் போகும் வண்டிக்கூலி உங்களை அடக்கிவிடும்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் வாங்கிய 5,000 ரூபாய், தேன் பருவத்தில் உங்கள் விலையை அவர் தீர்மானிக்கும் உரிமையாக மாறும். பஞ்ச மாதங்களுக்குக் குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுங்கள், வட்டி குழுவுக்கே வரும்.

சந்தை வழிகள் பல இருக்கின்றன. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டம், குற்றாலச் சீசன், மகளிர் திட்டக் கண்காட்சிகள் மூன்றும் சில்லறைக்கு நல்லவை. வைகாசியில் எடுத்த தேன் ஆடிக்குள் வடிந்து, தெளிந்து, பாட்டிலுக்குள் வந்திருக்கும். மூலிகை மொத்தமாகச் சேர்ந்தால் தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களை நேரில் பாருங்கள். நிலவாகை ஏற்றுமதியால் அங்கே மூலிகைத் தரம் பார்த்து வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மாதிரிக்கு ஒரு கிலோ எடுத்துப்போங்கள், மாதிரி நன்றாகவும் மூட்டை மோசமாகவும் இருந்தால் இரண்டாம் முறை உள்ளே விடமாட்டார்கள்.

9. குழுவும் கணக்கும்

வன் தன் விகாஸ் கேந்திரா என்பது சேகரிப்பாளர்கள் கூட்டாக வன மகசூலைப் பதப்படுத்தி விற்பதற்கான மத்திய அரசுத் திட்ட மையம். அதில் சேர 20 பேர் வீதம் 15 குழுக்கள், மொத்தம் 300 சேகரிப்பாளர்கள் வேண்டும். ஒரு கேந்திராவுக்கு 15 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நம் பக்கக் குடியிருப்புகள் சிறியவை, ஒரு குடியிருப்பில் 300 பேர் சேராது. பல குடியிருப்புகளைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். கருவியும் கட்டடமும் எங்கே இருக்கும் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள், பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் அதில்தான் தொடங்கும். பிஎம் ஜன்மன் திட்டத்தைச் சொல்லி யாராவது விண்ணப்பப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது அழிவின் விளிம்பில் உள்ள பழங்குடிகளாக வகைப்படுத்தியவர்களுக்கானது, காணிக்காரரும் பளியரும் அந்தப் பட்டியலில் இல்லை.

குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவராவது காட்டுக்குப் போகாதவராக இருக்கட்டும், இல்லையென்றால் தேன் பருவம் முழுக்க பணம் எடுக்க ஆள் இருக்காது. சேகரித்தவருக்கு எடை போட்ட அன்றே பாதித் தொகை, விற்ற பின் மீதி என்று வைத்துக்கொண்டால் இடையில் வேறு ஆளுக்குச் சரக்குப் போகாது.

ஒரு நோட்டில் தேதி, யார், எந்த இடம், என்ன, எத்தனை கிலோ, ஈரப்பதம், என்ன விலை என்று ஏழு கட்டம் போட்டு அன்றன்றே எழுதுங்கள். இதே நோட்டுத்தான் போக்குவரத்துச் சீட்டுக்கு ஆதாரம், உரிமை மனுவுக்குச் சான்று. எந்தப் பாறையில் கூடு குறைகிறது, எந்த மரத்தை இந்த ஆண்டு விட வேண்டும் என்று கிராம சபையில் பேசும்போதும் இதைத்தான் பிரித்து வைப்பீர்கள். பென்சிலில் எழுதுங்கள், மழையில் நனைந்தாலும் அழியாது.